எந்தப் பக்கம் அறும்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை மானாவாரிக் காடுதான். கம்பும் சோளமும் பால் பிடிக்கையில் அங்கே குருவி விரட்டக் கவண் சுற்றியவர்களுக்கு, கல் கையை வெளியே இழுப்பது பழகிய சங்கதி. (கைதான் கல்லை உள்ளே இழுக்கிறது என்பது இயற்பியலின் கட்சி.)

பிளஸ் ஒன் வட்ட இயக்கத்தில் அதே கயிற்றில் இரண்டு கல் வந்தால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். கையிலிருந்து அரை மீட்டரில் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று. தலா 100 கிராம், வினாடிக்கு 2 சுற்று. புவியீர்ப்பை ஒதுக்கிவிடலாம்.

வெளிக்கல்லில் தொடங்கினால் முடிச்சு அவிழும். அதற்கான இழுவிசை சுமார் 15.8 நியூட்டன். உள்கயிறோ அதையும் தாங்கி, உள்கல்லுக்கு வேண்டிய 7.9-ஐயும் தரவேண்டும், மொத்தம் 23.7.

வேகம் கூடினால் முதலில் அறுவது கைப்பக்கம்தான்.