வியர்வை உலருமுன்

பட்டுச் சேலை எடுக்கும் பொருட்டு ஒருமுறை தென்னேரிக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை வளர்ந்துகொண்டிருந்தது. உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து இணைக்கும் அவ்வேலைக்கு இருவர் வேண்டும். கூலியோ நாட்கணக்கில் இல்லை, சேலைக் கணக்கில்.

“விரைந்து முடித்தால் இனாம் தருகிறோம்” என்றோம்.

நெசவாளர் சிரித்தார். “அவசரப்பட்டால் கோர்வை பிசகும், பாய். சேலை அறுத்த அன்றே கூலி கைக்கு வந்தால் போதும். அடுத்த சேலைக்குக் கை தானே ஓடும்.”

அச்சொல் நம்மைச் சுட்டது. நம் கடையில் நால்வர் பணிபுரிகின்றனர். ரமலானில் அவர்களுக்குப் புத்தாடையும் ரொக்கமும் வழங்கிப் பெருமிதம் கொள்வோம்; மாதச் சம்பளத்தையோ பத்தாம் தேதிக்கு முன் கொடுத்ததில்லை. இடைநாட்களில் அவர்கள் வட்டிக்குக் கடன்படுவதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்தோம்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மேடைகளில் இதனை நாமே எடுத்துரைத்ததுண்டு!

முதலாளியின் மனம்போல் கிடைத்துவந்த போனஸை 1965ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் உரிமையாக்கிற்று. பின்னர் அதன் குறைந்த அளவு 8.33 விழுக்காடாயிற்று, ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். உரிமையையே இனாம் என்றெண்ணும் நம் போன்றோருக்கு அச்சட்டமும் ஒரு பாடமே.

ஊக்கத்தொகை நல்லதுதான். ஆயினும் உரிய கூலி உரிய நாளில் சேர்ந்த பின்னரே அது ஊக்கமாகும். அதற்கு முன் கொடுப்பது நம் கடனை மறைக்கும் திரை.

ஊர் திரும்பிய மாதமே முதல் தேதியில் சம்பளம் கொடுத்தோம். கடந்த காலத் தாமதங்களை அல்லாஹ் பொறுத்தருள்வானாக!