கார்த்திகை விளக்கும் ஒரு பட்டன் பேட்டரியும்

போன வருடம் கார்த்திகைக்கு மறுநாள். மாடிப்படியில் காற்றுக்கு அணையாமல் இருக்கட்டும் என்று ஒரு டஜன் பிளாஸ்டிக் அகல் வாங்கியிருந்தேன். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம். அடியில் ஒரு பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். எடுத்து வைக்கும்போது ஒன்றின் அடிமூடி திறந்து கிடந்தது. பேட்டரியைக் காணோம். பக்கத்தில் எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டு ஒன்றரை வயதுப் பேரன்.

"ஒரு வாழைப்பழம் ஊட்டினா தானா இறங்கிடும்" என்று என் மனைவி சமையலறைக்கு ஓடினாள். "சின்ன வயசில் நானும் பத்து பைசா முழுங்கியவன்தான், மறுநாள் வந்துடும்" என்றேன் நான். மருமகள் எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. "எதுவும் கொடுக்காதீங்க அத்தை" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்லவேளை, உள்ளே எதுவும் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் பத்து பைசா கதையைக் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை.

"ஐயா, பைசா வேறு, பேட்டரி வேறு. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே உள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துவிடலாம். விளக்கு எரியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாழைப்பழம், சோற்றுருண்டை எதுவும் கூடாது. சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்."

சாயங்காலம் சோபா இடுக்கில் பேட்டரி கிடைத்தது.

அன்றே வீட்டைச் சல்லடை போட்டோம். கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், காய்ச்சல் பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று எல்லாவற்றிலும் இந்தப் பொட்டு இருந்தது. ஸ்குரூ போட்டு மூடாதவற்றை டேப் சுற்றி மேல் அலமாரியில் ஏற்றினேன். தீர்ந்துபோன பேட்டரிகளை இரண்டு பக்கமும் டேப் ஒட்டித் திருகுமூடி டப்பாவில் போட்டு வைக்கிறேன். பிறகு மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுவேன்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காது மெஷினில் கழற்றிய பேட்டரியை நான் மாத்திரை டப்பா பக்கத்தில்தான் வைப்பேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாத்திரை என்று நினைத்து முழுங்கியவர்கள் உண்டு. இப்போது இடத்தை மாற்றிவிட்டேன்.

இந்த வருடம் மண் அகல்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள். காற்றில் அணைந்தால் மறுபடி ஏற்ற நான் இருக்கிறேன்.