போடி: கப்பல் ஏறியவர்களின் விலாசம்

காலை ரயிலில் வந்து போடிநாயக்கனூரில் இறங்கி ஊருக்குள் நடந்தால், கடைவீதியை எட்டும் முன்பே ஏலக்காய் வாசம் வந்துவிடுகிறது. கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். மேற்கே சுவர் வைத்தாற்போல மலை.

ஏலக்காய் வாங்கவும், மூணாறு போகும் வழியிலும்தான் இங்கே அதிகம் பேர் வருவார்கள். ஆனால் தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ் என்று கடல் தாண்டிய நாடுகளில் இருந்து, பாட்டனின் பாட்டன் பிறந்த மண்ணைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. கையில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். கப்பல் பட்டியலில் எழுதிய வரி.

1860 நவம்பர் 16-ல் சென்னையில் இருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தது வெள்ளைக்கார நிர்வாகம். ஆளை அடையாளம் பிடிக்க எழுதியது, இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பூர்வீகப் பத்திரமாகிவிட்டது. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழில் அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கஷ்டம். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். அமெரிக்காவில் குடியேறிய யூதர்களின் வாரிசுகளும் இதே பாட்டைப் பட்டவர்கள்தான். நியூயார்க் எல்லிஸ் தீவில் இறங்கியவர்களின் பதிவுகள் 2001-ல் இணையத்துக்கு வந்தன. தாத்தா பிறந்த ஊர் அன்று ரஷ்யாவில், பிறகு போலந்தில், இன்று உக்ரைனில் என்று இருக்கும். பெயரோ பத்து விதமாக இருக்கும். அதனால் எழுத்தைப் பார்க்காமல் ஒலியை வைத்துத் தேடும் முறையை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். தமிழ்ப் பெயர் தேடுகிறவர்களுக்கும் அந்த யோசனை உதவும்: சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும்.

ஊர் மாறும் சங்கதி போடிக்கும் பொருந்தும். கப்பல் காலத்தில் இந்த வட்டாரத்து ஆளின் விலாசம் ‘மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா’. அதை நம்பி மதுரையில் இறங்கி விசாரித்தால் ஒன்றும் ஆகாது. 1996-ல் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. போடி இப்போது தனி தாலுகா. பிரான்சிஸ் என்ற அதிகாரி எழுதி 1906-ல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த ஊர் எந்த தாலுகாவில், எந்த ஜமீனில் இருந்தது என்று அதில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

இதெல்லாம் கடல் கடந்தவர்களுக்கு. மலை ஏறியவர்களுக்கு?

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். குரங்கணிப் பக்கம் போனால், ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கிய கொட்டகுடி. இந்தச் சரிவுகளில் தலைச்சுமையோடு நடந்து ஏறி, தோட்டத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மலை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல் கேரளம், 1972-ல் இடுக்கி மாவட்டம். ஏறியவர் இருந்த இடத்திலேயே இருந்தார், மாநிலம்தான் மாறியது. கப்பல் இல்லை, அதனால் பட்டியலும் இல்லை. டர்பன் பேரனுக்குக் கொள்ளுத்தாத்தாவின் தழும்பு வரை தெரிகிறது. இருபது மைல் தள்ளி இருக்கும் பூப்பாறைப் பேத்திக்கு அவர் எந்த வருஷம் மலை ஏறினார் என்பதைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை.

ஆனால் அவளிடம் வேறொன்று இருக்கிறது. மாசி மாதம் மகா சிவராத்திரி வந்தால் மலையில் இருந்து ஜீப்பும் பஸ்ஸும் நிரம்பி இறங்கும். எல்லாரும் குலசாமி கும்பிடப் போகிறவர்கள். பங்காளிகள் கூடும் இடத்தில், யார் யாருக்கு என்ன முறை, எந்த வீடு எப்போது மேலே போனது என்று கிழவிகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

பூர்வீகம் தேடி வருகிற வெளிநாட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஜில்லாவையும் எண்ணையும் கேட்பதில்லை. திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு முதலில் கேட்பது, “எந்தச் சாமி கும்பிடுறவுக நீங்க?” கப்பல் பட்டியலில் அதற்கு மட்டும் கட்டம் கிடையாது.