குறுக்கே கிடக்கும் தழை

சாலை வருவதற்கு முன்னால், ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே இறங்க ஒத்தையடிப் பாதைதான். சாமையும் புளியும் தலைச்சுமையாக இறங்கும். உப்பும் துணிமணியும் மேலே ஏறும். பலகை, அம்புக்குறி என்று எதுவும் கிடையாது. தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் முன்னால் போனவர்கள் ஒரு பச்சைத் தழையை ஒடித்து, போகக் கூடாத தடத்தின் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். அந்தத் தழை எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்து, முன்னால் போனவர்கள் எப்போது கடந்திருப்பார்கள் என்று கணக்குப் போட என் இளவயதில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அது விளையாட்டுப் போலத்தான் இருந்தது. அதன் அருமை எனக்குத் தலை நரைத்த பிறகுதான் புரிந்தது.

இப்போது சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் ஜவ்வாது மலைக்கு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் காடு அவர்களுக்குப் புதிது. பாதையில் நல்ல பலகைகள் வைத்தால் இவர்கள் வழி தவறாமல் இருப்பார்களா என்று அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். இருப்பார்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பலகை என்ன சொல்கிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இந்த மலையின் குணம் அப்படி. தை கடைசியில் இலை உதிரத் தொடங்கினால் மாசியில் பாதை முழுக்கச் சருகு மூடிவிடும். மழை பெய்து முடிந்தால் உண்ணிச்செடி இரண்டு பக்கமும் வளர்ந்து தடத்தை விழுங்கிவிடும். மனிதர் நடந்த தடம் மங்கிக் கிடக்கும்போது ஆடு மாடு போன தடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அது ஊருக்குப் போகாது. தண்ணீருக்குப் போகும், இல்லையென்றால் ஒரு பாறையில் ஏறி அங்கேயே மறைந்துவிடும்.

அப்படித்தான் ஒரு மாசி மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மாட்டிக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் புறப்பட்டவர்கள், பொழுது சாய்கிற நேரத்தில் ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் ஓடைகள் அப்படி இறங்குவதில்லை. திடீரென்று பாறை விளிம்பில் அருவியாக விழுந்துவிடும். நல்லவேளை, ஆடு ஓட்டி வந்த ஒரு தாத்தா அவர்கள் சத்தம் போடுவதைக் கேட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் டார்ச் விளக்கோடு போய்ச் சேர்ந்தபோது, அவர் தன்னிடம் இருந்த தண்ணீரை முதலில் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பாறை ஓரத்திலிருந்து தள்ளி உட்கார வைத்திருந்தார்.

“ஏன் கண்ணு இந்தப் பக்கம் வந்தீங்க?”

“தடம் நல்லாத் தெரிஞ்சுது தாத்தா.”

“தடம் தெரிஞ்சா மட்டும் போதுமா சாமி? யாரு போட்ட தடம்னு பாக்க வேணாமா?”

திட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. கீழே வரும்வரை ஒவ்வொரு பிரிவிலும் நின்று, எது ஆட்டுத்தடம், எது ஆள்தடம் என்று காட்டிக்கொண்டே வந்தார். புழுக்கை கிடக்கிறதா, தலை உயரத்தில் கிளை வெட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஆட்டுக்குக் கிளை வெட்டத் தேவையில்லை அல்லவா? இடுப்பு உயரத்துக்கு மேல் புதர் மூடியிருந்தால் அது மனிதர் நடக்கிற வழி இல்லை.

வழி தெரிந்தாலும் போதாத நாளும் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் வழி தவறியவர்கள் அல்லர். பாதை தெரிந்தவர்கள் உடன் இருந்தார்கள். ஆனால் காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் கால் அதற்கு ஈடு கொடுக்காது. ‘இப்படிப் போ’ என்று அம்புக்குறி போட்ட எந்தப் பலகையும் அன்றைக்கு உதவியிருக்காது. ‘இந்த மாதத்தில் இங்கே வராதே’ என்று அடிவாரத்திலேயே சொல்லும் பலகையும், அதன் பக்கத்தில் ஒரு மனிதரும் நின்றிருந்தால் உதவியிருக்கலாம். அந்த மலையில் முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். நான் மனதாரப் பாராட்டும் ஏற்பாடு அது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அந்த 40 பாதைக்கு மட்டுமா போகிறார்கள்? மற்ற இடங்களில் நான் பார்த்த பலகைகளில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: அத்துமீறி நுழைந்தால் தண்டனை. ஏன் நுழையக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது.

வெளிநாடுகளில் பலகை வேறு மாதிரியும் பேசுகிறது. சுவிட்சர்லாந்தில் மலையில் நடக்கிற பாதைக்கு மஞ்சள் பலகை. அதில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எவ்வளவு நேர நடை என்பதே முக்கியம். கரடுமுரடான மலைப்பாதை தொடங்கினால் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை மாறிவிடும். ஜெர்மனியின் காடுகளில் எண் எழுதிய மீட்புப் பலகைகள் உண்டு. அடிபட்டவர் போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும். நம் பிள்ளை 108-ஐ அழைத்தால், “ஒரு பெரிய பாறை, பக்கத்தில் ஒரு மரம்” என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

தழைக்கும் பலகைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தழை வாடிவிடும். அதனால் பார்த்தவுடனே அது இன்றைய செய்தியா, பழைய செய்தியா என்று தெரியும். பலகை வாடாது. ஐப்பசியில் ஓடையில் வெள்ளம் போகும்போதும், பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போதும் அதே எழுத்தோடு நிற்கும். அதனால் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிற பலகை எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஆட்டுத்தடம் பிரிகிற இடத்திலெல்லாம் ‘இது வழி இல்லை’ என்று ஒரு பெயின்ட் குறி. ‘மூன்று மணிக்குள் இங்கே வந்து சேராவிட்டால் திரும்பிவிடுங்கள்’ என்று பாதி வழியில் ஒரு பலகை. இடத்துக்கு ஒரு எண். அடிவாரத்தில், ஓடை எப்படி இருக்கிறது, தீ அபாயம் உண்டா என்று அன்றன்று சாக்பீஸால் எழுத ஒரு கரும்பலகை. தமிழோடு கன்னடமும் இங்கிலீஷும் இருக்கட்டும். வருகிறவர்கள் படிக்க வேண்டுமே. எழுதவும் புதர் வெட்டவும் வெளியூர் ஆள் தேவையில்லை. வனக்குழுவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்குத் தினக்கூலி கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். ஆடு மேய்க்கிற பெரியவர்களை உடன் அழைத்துக்கொண்டு போய், எந்த இடத்தில் ஆள் தவறுகிறது என்று கேட்டு அங்கே குறி போட வேண்டும். மார்கழியில் தொடங்கினால், சருகு விழுவதற்குள் முடித்துவிடலாம்.