கையில் பிறக்கும் மீன்

நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் பிடித்தவர்கள் அதைப் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மடுவில் கிடைத்தது, எத்தனை பவுண்டு இருந்தது, எந்த ஃப்ளைக்கு, அதாவது எந்தப் போலிப் பூச்சிக்கு, வாய் திறந்தது என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே குறிப்புகள் உண்டு. அந்த மீன் முட்டையாக இருந்தபோது எந்தக் கை அதை வாங்கியது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தக் கையைப் பார்க்கத்தான் டிசம்பர் குளிரில் அவலாஞ்சி ட்ரவுட் பண்ணைக்குப் போனேன்.

ஊட்டியிலிருந்து 30 கி.மீ.க்குள் வந்துவிடும். எமரால்டு என்ற ஊரைத் தாண்டித் தேயிலைச் சரிவுகள் பின்னால் போனதும் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வருகின்றன. சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடையை வாய்க்காலில் திருப்பித் தொட்டிகளுக்குள் விட்டு, மறுபக்கம் ஓடைக்கே அனுப்பிவிடுகிறார்கள். ட்ரவுட் பண்ணையின் அடிப்படை இவ்வளவுதான். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், நிற்காமல் ஓடவும் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டிச் சூடேற ஏற இந்த மீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் தங்கும். சோலை இருக்கிற வரைக்கும்தான் இங்கே ட்ரவுட் என்பதை வாய்க்காலில் கை விட்டதும் புரிந்துகொண்டேன்.

இங்கிருப்பது வானவில் ட்ரவுட். தொட்டியில் அது தானாக முட்டையிடாது. ஓடையில் என்றால் பெண் மீன் கூழாங்கல் படுகையை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையை இடும். ஆண் மீன் விந்துப்பால் விட்டதும் பெண் மீனே கல்லைத் தள்ளி மூடிவிடும். தொட்டியில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? அதனால் சினை முற்றிய மீனைப் பிடித்து, வயிற்றை வருடி முட்டையை வெளியே எடுக்கிறார்கள். ‘பிதுக்கி எடுக்கிறது’ என்கிறார்கள். காதில் விழும்போது முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. நேரில் பார்த்தபோது இவ்வளவு மென்மையான வேலையை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அதைச் செய்தவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர். பேர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கைவலையால் ஒரு பெண் மீனை அள்ளினார், வயிற்றைத் தடவினார், மறுபடி தண்ணீரில் விட்டார்.

“இன்னும் கெட்டியா இருக்கு தம்பி. இப்ப அழுத்தினா முட்டை வராது, ரத்தம்தான் வரும். ஒரு வாரம் போகட்டும்.”

“எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?”

“வயிறு தளதளன்னு இருக்கணும். வாலைத் தூக்கிப் பிடிச்சா உள்ள இருக்கிற முட்டை தலைப்பக்கமா சரியணும். கண்ணால பாத்தா ஏமாந்துடுவீங்க. விரலுக்குத்தான் தெரியும்.”

பக்குவமான மீன் ஒன்று சிக்கியதும் அவரிடம் வேகம் கூடியது. உலர்ந்த துண்டால் மீனின் உடம்பு முழுக்க ஒற்றி எடுத்தார். பக்கத்தில் உலர்ந்த எனாமல் பேசின். தலைப்பக்கம் அவர் இடது கையில், வால் இன்னொருவர் கையில். வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னாலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கின. முட்டைகள் சரம்சரமாக விழுந்தன. மிளகளவு பருமன், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், உள்ளே எண்ணெய்த் துளிகள் மின்னுகின்றன. நாலைந்து வருடலில் வேலை முடிந்தது. வயிற்றில் இன்னும் கொஞ்சம் இருப்பது எனக்கே தெரிந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“கடைசி முட்டை வரைக்கும் ஆசைப்படக் கூடாது. உள்காயம் பட்டுடும். அடுத்த வருசமும் இதே மீன் நமக்கு வேணும்ல?”

அடுத்து ஆண் மீன். சினைக்காலத்தில் அதன் உடம்பு கறுத்து, கீழ்த்தாடை கொக்கிபோல் வளைந்துவிடுகிறது. அதையும் துடைத்து, முட்டைமேல் பால் விழும்படி வருடினார். ஒன்றின் பால் சோடை போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று இரண்டாவது ஆணையும் எடுத்தார். பிறகு ஒரு கோழியிறகால் பேசினைச் சுற்றிச் சுற்றிக் கலந்தார். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவிடவில்லை.

துடைப்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்டேன். தண்ணீர் பட்டதும் பாலில் உள்ள உயிரணுக்கள் துள்ளி எழும். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். முட்டையும் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கித் தன் நுண்துளையை அடைத்துக்கொள்ளும். இரண்டும் சந்திக்கும் முன்பே தண்ணீர் பட்டால் பேசினில் இருப்பதெல்லாம் வீண். அதனால் உலர்ந்த நிலையிலேயே கலந்து, பிறகே தண்ணீர் விட வேண்டும். 1850களில் ரஷ்யாவில் விராஸ்கி என்பவர் கண்டறிந்த முறை இது. அண்ணன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தனக்கு முன்பு இங்கே வேலை பார்த்த பெரியவரின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இந்த மலைக்கு ட்ரவுட் வந்த கதையே முட்டையைக் காப்பாற்றிய கதைதான். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர், 1863இல் முதல் முயற்சி செய்தார். முட்டைகள் பிழைக்கவில்லை. வெப்பக் கடலைக் கடந்து வரும் வரை குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வது அந்தக் காலத்தில் லேசான காரியமா? இதற்கிடையில் இலங்கையின் நுவரெலியாவில் தோட்டத் துரைமார்கள் 1880களிலேயே ட்ரவுட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். சென்னை மாகாண அரசுக்காக இந்த வேலையில் இறங்கிய எச்.சி. வில்சன் தூரத்து இங்கிலாந்தை மட்டும் நம்பியிருக்காமல் பக்கத்து இலங்கையிலிருந்தும் வானவில் ட்ரவுட்டைத் தருவித்தார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் பிறந்த மீன் இப்படித்தான் நம் சோலை ஓடைக்குள் வந்தது. வில்சனின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது, அது நியாயமும்கூட. அவருக்காக விடிகாலைப் பனியில் தொட்டிக்குள் கை விட்டவர்களின் பெயரைத்தான் நான் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை.

பொரிக்கும் அறை இருட்டு. நேர் வெளிச்சம் முட்டைக்கு ஆகாது. நீளமான தொட்டிகளில் தட்டுகள் வரிசையாக அமிழ்ந்திருக்கின்றன. அவற்றின் ஊடே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு அக்கா முக்காலியில் உட்கார்ந்து, இடுக்கியால் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செத்த முட்டை வெளுத்துவிடும். அதில் பூஞ்சை பிடித்தால் பக்கத்தில் உயிரோடு இருக்கிற முட்டைகளையும் சுற்றிக்கொள்ளும்.

“ஒரு வெள்ளையை விட்டுட்டீங்கன்னா அந்த மூலை பூரா பஞ்சு பூத்துடுங்க சார். ஞாயித்துக்கிழமையும் வந்து பாத்துட்டுத்தான் போவேன்.”

இடுக்கி நுனி நல்ல முட்டையில் படாமல் வெள்ளையை மட்டும் தூக்கிவருகிறது. முதல் இரண்டு நாளுக்குப் பிறகு கண் தெரியும் வரை முட்டைக்கு லேசான அதிர்ச்சியும் ஆகாது. தட்டைச் சற்று வேகமாக நகர்த்தினாலே உள்ளே கரு சிதைந்துவிடும். அந்த நாட்களில் அக்கா தட்டில் கை வைக்கிற விதமே வேறு என்றார் அண்ணன். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய பாதி மாதத்தில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை மீனின் கண்கள். அதன்பின் முட்டை உரம் பெற்றுவிடுகிறது.

கண் வந்த தட்டு ஒன்றை அன்று எடுத்தார்கள். அதுவரை அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்த முட்டைகளை ஒரு முழ உயரத்திலிருந்து வாளித் தண்ணீருக்குள் கொட்டினார் அண்ணன். எனக்குப் பகீரென்றது. கருக்கட்டாத முட்டைகள் அதுவரை நல்ல முட்டையின் நிறத்திலேயே ஒளிந்திருக்குமாம். இந்த அதிர்ச்சியில் அவை உடைபட்டு, மறுநாளைக்குள் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உயிருள்ளதற்கு ஒன்றும் ஆகாது. எப்போது தொடக்கூடாது, எப்போது உதறிக் கொட்டலாம் என்கிற கணக்கு பிசகினால் ஒரு பருவத்து உழைப்பு போய்விடும். இதைத் தொழில் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மாதம் ஒன்று ஆகும்போது குஞ்சு வெளிவருகிறது. வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கும். பை வற்றியதும் நீந்தி மேலே வரும். அப்போதிருந்து பொடித் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போட வேண்டும்.

மாலையில் எமரால்டுக்குத் திரும்பி ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஓடைக்காவல் வாட்சர். தூண்டில்காரர்களோடு மலை முழுக்க நடந்தவர். அவர் கட்டும் ஃப்ளைகளைப் பார்க்கத்தான் போனேன். மேசை விளிம்பில் சின்னப் பிடிகருவி. அதன் வாயில் கொக்கியைக் கவ்வ வைத்தார். மெழுகு தடவிய பட்டுநூலைக் கொக்கித் தண்டில் நெருக்கமாகச் சுற்றினார். பழைய ஸ்வெட்டரிலிருந்து பிய்த்த பழுப்புக் கம்பளி இழையை விரலில் திரித்து உடம்பு செய்தார். கடைசியில் நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஒன்றை நட்டுவைத்துச் சுற்ற, அதன் தூவிகள் நாலாபக்கமும் விறைத்து நின்றன. அந்தத் தூவிகள்தான் பூச்சியின் கால்கள். ஃப்ளை தண்ணீர்மேல் மிதப்பதும் அவற்றால்தான். ஒற்றை முடிச்சு. நறுக்கு. என் நகத்தைவிடச் சிறியது ஒன்று மேசையில் எழுந்து நின்றது.

“முன்னாடியெல்லாம் காட்டுச்சேவல் இறகு வைப்போம் சார். இப்ப வீட்டுச் சேவல்தான். அதுவும் நல்லாத்தான் மிதக்குது.”

நம் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகுகளின் நுனியில் மெழுகு வழிந்தாற்போன்ற மஞ்சள் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். பிரிட்டனில் சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் ஃப்ளை கட்டியவர்கள் அந்தப் பொட்டை மீன்குஞ்சின் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காகத் தென்னிந்தியக் காடுகளிலிருந்து காட்டுச்சேவல் தோல்கள் கப்பல் ஏறின. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பறவையைத் தொட முடியாது. தொடாமல் இருப்பதே சரி. பெரியவருக்கும் அதில் வருத்தமில்லை.

எமரால்டு அணைக்கரையில் கொக்கி முனையை நறுக்கிய ஃப்ளை ஒன்றைக் கட்டி வீசிக் காட்டினார். ஃப்ளைக்கு எடையே கிடையாது; எடை முழுவதும் கயிற்றில். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கயிற்றை இழுத்துப் போகும். இதில் கயிறுதான் ஃப்ளையைச் சுமந்து போகிறது. அதனால் கோலைப் பின்னால் கொண்டுபோனதும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

“பின்னாடி கயிறு முழுசா நீளட்டும். அதுக்குள்ள அவசரப்பட்டு இழுத்தா சடீர்னு அறைஞ்சு ஃப்ளை அறுந்துடும்.”

ஓடையில் ட்ரவுட் எதிர்நீரில் தலை வைத்து நிற்கும். ஆகையால் கீழிருந்து மேலே நடந்து, அதன் முதுகுப்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. ஃப்ளை, நீரோட்டம் போகிற வேகத்திலேயே போக வேண்டும். கயிற்றை வேறொரு ஓட்டம் இழுத்து ஃப்ளை கொஞ்சம் முந்தினாலும் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். “தண்ணிக்கு மேல பறக்கிற பூச்சியைப் பாக்காதீங்க. கல்லைப் புரட்டி அடியில என்ன ஊருதுன்னு பாருங்க. அதைத்தான் அது தின்னுட்டிருக்கும்” என்றார். பருவத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. தென்மேற்குப் பருவமழையில் ஓடை கலங்கிவிடும், மீனுக்குக் கண் தெரியாது. குளிர்காலம் சினைக்காலம், அப்போது கோலைக் கையில் எடுப்பதே பாவம். மார்ச் முதல் மழை விழும் வரைதான் தூண்டில் மாதங்கள்.

மழை என்றால் அவலாஞ்சி மழை. 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. சரிவுகள் பெயர்ந்து சேறாக இறங்கின. சேறு முட்டையை மூடினாலும் செவுளில் அடைத்தாலும் ட்ரவுட்டுக்குப் பிழைப்பில்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. ஓடைப் பூச்சிகளையும் தவளைக் குஞ்சுகளையும் சின்ன மீன்களையும் தின்றுதான் வளர்கிறது. மீனையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879லேயே நீலகிரிக்கென்று தனிச்சட்டம் போட்டவர்களுக்கு, வந்தேறி மீனால் உள்ளூர் உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. இதே நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி இன்று தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை, அப்படியே இருக்கட்டும். ட்ரவுட் இல்லாத ஓடை எதிலும் இனிப் புதிதாக விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நூறு ஆண்டுக்கு மேலாகக் கை மாறி வந்திருக்கும் இந்த வேலையும் இதைச் செய்கிறவர்களும், பண்ணையிலும் அணைகளிலுமாவது தழைக்க வேண்டும் என்றும் அதே உறுதியோடு சொல்வேன்.

மறுநாள் விடைபெறப் போனபோது, விரல் நீளம் வளர்ந்தபின் குஞ்சுகளை எங்கே விடுவீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். விடுகிற இடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்முக்குள் ஊற்றி, இரண்டு தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்தபிறகுதான் திறந்துவிடுவோம் என்று விளக்கினார். பிறகு வாய்க்கால் வரும் திசையில் மலையைக் காட்டினார்.

“மேல சோலை இருக்கிற ஓடையாப் பாத்துதான் விடுறது தம்பி. மரம் போன ஓடையில மத்தியானம் கால் வெச்சுப் பாருங்க, தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். அங்க விட்டா ஒரு கோடைக்குத் தாங்காது. அதுக்கு இங்கயே கிடக்கட்டும்.”