முன்பாரமும் பின்பாரமும்

ஓய்வுபெற்றதும் ஒரு கரவன் வாங்கி அவுஸ்திரேலியாவைச் சுற்றிவரும் ஆசை எங்கள் ஆட்களையும் பிடித்துவிட்டது. நாங்கள் தொடங்கிய காலத்தில் கரவன் பார்க்குகளில் எங்களைத் தவிர வேறு தமிழ்க் குரல் கேட்காது. இப்போது மில்டூராவில் விடியற்காலையில் புட்டு அவிக்கிற மணம் வருகிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது கட்டிலின் அகலத்தையும் குளிர்சாதனப் பெட்டியின் கொள்ளளவையும். பாரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே எழுதுகிறேன்.

முதலில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஸ்ரேட் நெடுஞ்சாலையில் பல்ரானல்ட் தாண்டி ஹே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சமவெளியில் மரம், மலை, மறைப்பு எதுவும் கிடையாது. காற்று குறுக்கே அடித்தால் அடித்ததுதான். எங்களுக்கு முன்னால், நல்ல இடைவெளி விட்டு, ஒரு நீளமான கரவன் போனது. எதிரே ஒரு பெரிய லொறி வந்து கடந்த அடுத்த கணம் அந்தக் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. முதல் ஆட்டம் சின்னது. இரண்டாவது வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. அப்போது முன் வாகனத்தின் பிறேக் விளக்குகள் எரிந்தன. மூன்றாவது ஆட்டத்தில் கரவன் பக்கவாட்டில் சாய்ந்து, வாகனத்தையும் திருப்பிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. எல்லாம் ஐந்தாறு விநாடிக்குள்.

உள்ளே இருந்தவர்கள் எங்கள் வயது வெள்ளைக்காரத் தம்பதி. உயிருக்கு ஆபத்தில்லை. அந்த அம்மாவுக்குக் கை முறிந்திருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை என் மனைவி அவவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றையே: நான் பிறேக்தானே பிடித்தேன், பிறேக்தானே பிடித்தேன்.

அதுதான் கூடாது. ஆட்டம் தொடங்கிய பிறகு முன் வாகனத்தின் பிறேக்கை அழுத்தினால் முன்னது மெதுவாகும். பின்னால் வரும் இரண்டு மூன்று தொன் அதைத் தள்ளிக்கொண்டு பக்கத்தால் வரும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், நம்பவேண்டாம். செய்யவேண்டியது இவ்வளவுதான்: அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுப்பது, ஸ்ரியறிங்கை நேராகப் பிடிப்பது, ஆட்டத்துக்கு எதிராக வளைக்காமல் இருப்பது, கரவனின் மின் பிறேக்கைக் கையால் இயக்குவது. டாஷ்போர்டில் அதற்கென ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் கரவனின் சக்கரங்கள் மட்டும் பிடிக்கும். கரவன் பின்னோக்கி இழுபட்டு, நூல் இழுத்துப் பிடித்ததுபோல நேராகும். ஆபத்து நேரத்தில் தேடுகிற இடத்தில் அந்தக் குமிழ் இருக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கை போகவேண்டும். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அது எங்கே என்று தெரியவேண்டும்.

ஆட்டம் ஏன் வருகிறது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற வண்டில்காரரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி, கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு குனிந்துவிடும். ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் மாட்டைக் கூப்பிடுவார்.

கரவனுக்கும் இதே கணக்குத்தான். ஏற்றிய கரவனின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ 10 வீதம் வாகனத்தின் கொழுவியில் அமரவேண்டும் என்பது இங்கே வழக்கமான அளவு. அது மிகக் குறைந்தால் வால் ஆடும். மற்றது, பாரம் சக்கரங்களுக்கு மேலே நடுவில் இருக்கவேண்டும். முன்னுக்கு இரண்டு காஸ் சிலிண்டர், பின் பம்பரில் இரண்டு உதிரிச் சில்லு, சைக்கிள், ஆயுதப்பெட்டி என்று இரண்டு முனையிலும் ஏற்றினால் தராசு சமமாகத்தான் காட்டும். ஆனால் ஆடத் தொடங்கினால் நிற்காது.

போன வருடம் எனக்குத் தம்பி முறையான ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற கையோடு 22 அடிக் கரவன் ஒன்றும், அதை இழுக்க இரட்டைக் கதவு யூட் ஒன்றும் வாங்கியிருந்தார். சேமிப்பில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மெல்பேர்ணில் இருந்து பேர்த் வரைக்கும், நல்லார்போர் ஊடாகப் போகத் திட்டம். ஆனால் மனைவி ஏறமாட்டேன் என்று நின்றா. முதல் ஓட்டத்திலேயே பலராற் போகும் வழியில் கரவன் இழுத்து இழுத்து ஆடியதாம்.

“அண்ணை, நாலு சில்லும் இழுக்கிற வாகனம். 3500 கிலோ இழுக்கும் எண்டு விற்றவன் சொன்னவன். கரவன் அதுக்குள்ளைதான். இவ சும்மா பயப்பிடுறா” என்றார்.

நாலு சில்லும் இழுப்பது மணலிலும் சேற்றிலும் உதவும். காய்ந்த தார் றோட்டில் கரவன் ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயர்த்திய ஸ்பிறிங், மென்மையான ரயர் என்று காட்டு ஓட்டத்துக்குச் செய்கிற மாற்றங்கள் பல இழுவைக்குப் பாதகமும்கூட.

3500 என்ற இலக்கத்துக்குப் பின்னால் வேறு இலக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. ஜிவிஎம் என்பது வாகனம் தன் சக்கரங்களில் தாங்கக்கூடிய முழுப் பாரம். ஏரிஎம் (வங்கிச் சுவரில் இருப்பது அல்ல) கரவனின் உச்சப் பாரம். இரண்டும் சேர்ந்த உச்சத்துக்கு ஜிசிஎம் என்று பெயர். தம்பியின் யூட்டுக்கு ஜிசிஎம் 6000. கரவன் 3500 ஆனால் யூட் 2500க்குள் இருக்கவேண்டும். வெறும் யூட்டே 2200. மிச்சம் 300 கிலோவில் இரண்டு பேர், முன் இரும்புப் பாதுகாப்பு, பின்மூடி, குளிர்பெட்டி எல்லாம் அடங்குமா?

“வாரும், நிறுத்துப் பாப்பம்” என்றேன். பொது நிறுவைப் பாலத்துக்குப் போனோம். பயணத்துக்கு ஏற்றியபடியே, இருவரும் உள்ளே இருக்க, யூட் 2620. கரவன் தனியே 3420. இரண்டும் தனித்தனியே சட்டத்துக்குள். சேர்த்தால் 6040, 40 கிலோ அதிகம். அதைவிட மோசம் கொழுவிப் பாரம்: 210 கிலோ. ஆறு வீதத்தைச் சற்றுத்தான் தாண்டியது. அவவின் பயம் சும்மா அல்ல. தராசு அவ பக்கம் நின்றது.

பிறகு அவர்களின் வீட்டு முன்றலில் ஒரு பிற்பகல் முழுவதும் மல்லுக்கட்டினோம். பின் பம்பரில் இருந்த 55 கிலோ ஆயுதப்பெட்டி இறங்கியது. 30 கிலோ ஜெனறேற்றர் இறங்கியது. இரண்டு உதிரிச் சில்லில் ஒன்று முன் பெட்டிக்குப் போனது. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கினோம். அது மட்டும் 95 கிலோ. தம்பி ஒரு 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதையும் இறக்குவம்” என்றார்.

“அரிசி இறங்காது. உங்கட பியர்ப் பெட்டி இறங்கட்டும்” என்றா மனைவி. நான் தலையிடவில்லை. அரிசியைச் சக்கரத்துக்கு மேலே இருந்த அலுமாரியில் வைத்தேன். பியர்ப் பெட்டி வீட்டுக்குள் போனது.

மறுபடி நிறுத்தபோது கரவன் 3240க்குக் கீழே. கொழுவியில் 320. அதுவும் சும்மா விஷயமல்ல. கொழுவி பின் அச்சுக்குப் பின்னால் ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி இருப்பதால், நெம்புகோல் மாதிரி பின் அச்சில் 320ஐவிடக் கூடுதலாக ஏறும்; முன் சக்கரங்களில் இருந்து நூறு கிலோவுக்கு மேல் குறையும். முன் சக்கரம் லேசானால் ஸ்ரியறிங்கும் பிறேக்கும் லேசாகும். அதனால் பாரத்தை முன்னுக்குத் திருப்பும் கம்பிகள் கொண்ட கொழுவி ஒன்றைப் பூட்டுவித்தோம். இதை முதலிலேயே பூட்டியிருந்தால் போதாதா என்று தம்பி கேட்டார். போதாது. பாரத்தைத் தவறாக ஏற்றியதை அந்தக் கம்பிகள் சரிசெய்யா.

ரயர் அழுத்தத்தைக் காலையில், சூடேறுமுன் பார்க்கச் சொன்னேன். நீள வாகனத்துக்குப் பின்னால் நகருக்கு வெளியே 60 மீற்றர் இடைவெளி சட்டம்; நீங்களும் இப்போது நீள வாகனம்தான் என்றேன். மேற்கு அவுஸ்திரேலியாவில் இழுத்துக்கொண்டு 100க்கு மேல் ஓடக்கூடாது. என்னைக் கேட்டால் 90 போதும். என்னுடையது ஏற்றிய பின்னும் 2500 கிலோ. இழுக்கிற லாண்ட்குரூசர் அதைவிடக் கனம். அப்படியிருந்தும் நான் 90தான்.

கடைசியாக, வெறும் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் அவவை முன் ஆசனத்தில் இருத்தி, தம்பி மெதுவாக ஓட்ட, குமிழை அழுத்தப் பழக்கினேன். கரவன் பின்னால் பிடிப்பதை முதுகில் உணர்ந்ததும் அவவின் முகம் மாறியது. நாலைந்து தரம் தானாகவே அழுத்திப் பார்த்தா.

ஒன்பதாம் நாள் நோர்ஸ்மனில் இருந்து அழைப்பு வந்தது. அவதான் பேசினா.

“அண்ணை, ரோட் றெயின் எத்தினை எண்டு எண்ணேலாது. ஒருக்கா மட்டும் கொஞ்சம் ஆடினது. இவர் காலை எடுத்தார், நான் அழுத்தினன், நேராய் வந்திட்டுது.”

“அரிசி?”

“அது இருக்கு. எல்லைச் சோதனையிலை கறிவேப்பிலையைத்தான் பறிச்சுப் போட்டாங்கள்.”