ஒற்றை மெட்டி

குற்றாலத்துப் பேரருவி மலையிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இல்லாவிட்டால் யாரும் அடியில் நிற்க முடியாது. அப்படி வேகம் தணிந்து வந்த தண்ணீரே என் இடது கால் மெட்டியைக் கொண்டுபோய்விட்டது.

கண்டியிலிருந்து சாரல் பார்க்க வந்திருந்தோம். தங்கியது மேலகரத்தில், சின்னப் பாட்டி வீட்டில். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவது அப்போது இங்கே வழக்கமாக இருந்தது. எண்ணெய் வழுக்கும், குளிரில் விரல் சுருங்கும், தண்ணீரின் அடி வேறு. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். மெட்டியை எந்தப் பெண் கழற்றுவாள்?

நுரையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், விஷயம் தெரிந்ததும் பாறை இடுக்குகளைக் கால்விரலால் துழாவத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டும் அவர் நகரவில்லை. அகப்பட்டது ஒரு சேப்டிபின்தான். “விடு தாயி, வெள்ளிதானே. தாலி கழுத்துல கிடக்குல்லா” என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். யார் பெற்ற அம்மாவோ.

வெள்ளிதான். ஆனால் கல்யாணத்தன்று அம்மி மேல் காலை வைத்து இவர் போட்டுவிட்டது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில், ஊர் ஊராகக் குறி சொல்லித் திரும்பிய சிங்கியிடம் சிங்கன் ஒவ்வொரு நகையாக விசாரிப்பான். அவள் சுண்டுவிரலில் கிடப்பது அவனுக்குச் சுருண்ட பூச்சியாகத் தெரியும். கண்டியில் பெற்ற காலாழி அது என்பாள் அவள். சுமார் 300 வருஷத்துக்கு முன்பே இந்த ஊர்க்காரருக்குக் கண்டிக் காலாழியைத் தெரிந்திருக்கிறது! அன்று மாலை இவர் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் உண்டு. எங்கள் முன்னோர் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தாத்தா அங்கே நின்றார். அவர் தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார். அந்தத் தம்பியின் மனைவிதான் சின்னப் பாட்டி. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத சொந்த ஊருக்கு வந்தவர். என் வலது கால் மெட்டியைக் கழற்றச் சொல்லி, விளக்கடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்டியில செஞ்சதா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் தென்காசியில் மெட்டியை ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள். வாங்கி, ஒன்றை இடது காலில் போட்டுக்கொண்டேன். மற்றதைப் பாட்டி கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“பங்குனியில அருவி வத்தும். பேரனை அனுப்பித் தேடச் சொல்லுதேன். கிடைச்சா நீயே வந்து வாங்கிட்டுப் போகணும், என்ன?”